பனி சுட்ட மருதோண்டி



உங்கள் வீட்டு வளவில் ஒரு மருதோண்டி மரம் நிற்கிறதா? புத்தகங்களில் மருதாணி என்றும் மருதோன்றி என்றும் எழுதுவார்கள். நம் வீடுகளில் அது மருதோண்டிதான். கிழக்கிலோ, மன்னாரிலோ, புத்தளத்திலோ இருப்பவர்களுக்கு இது ஒரு பெரிய கேள்வியாகத் தோன்றாது. வேலி ஓரத்தில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்ந்து நிற்கும். பெருநாள் இரவு வந்தால் மட்டுமே அதை நினைப்போம். ஆனால் நான் இருப்பது நுவரெலியாவில். இங்கே ஒரு மருதோண்டியை உயிரோடு வைத்திருப்பது, கைக்குழந்தை ஒன்றை வளர்ப்பது போன்ற வேலை. அந்த வேலையில் ஒரு நாள் நான் தவறிவிட்டேன். அந்தக் கதையைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன்.

நான் பிறந்தது மருதமுனையில். எங்கள் ஊர்ப் பக்கத்தில் கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். என் விடயத்தில் அது மாறிப் போனது. அவருக்கு நுவரெலியாவில் வாப்பா விட்டுச் சென்ற கடை இருந்தது. 1996ஆம் ஆண்டு உம்மாவின் வீட்டை விட்டு மலையேறினேன். புறப்படும் அன்று உம்மா ஒரு பால்மா ரின்னைக் கொண்டு வந்து என் மடியில் வைத்தார். அதற்குள் ஒரு சாண் உயரத்தில் மருதோண்டிக் கன்று. எங்கள் கிணற்றடி மரத்திலிருந்து கொப்பு வெட்டி, எனக்குத் தெரியாமல் இரண்டு மாதமாக வேர் பிடிக்க வைத்திருக்கிறார்.

“புள்ள, நீ போறது குளிர் ஊர். ராவைக்கு இத உள்ளுக்கு எடுத்து வை. நீ போர்த்திப் படுக்கிற நேரம் இதுக்கும் குளிரும் எண்டு நினைச்சிக்க” என்றார். நகை கொடுத்தபோது கூட அவர் அவ்வளவு விளக்கம் சொல்லவில்லை.

அந்தக் கிணற்றடி மரத்தின் வாசம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது. இலையைப் பறிக்கிறோமே தவிர, மருதோண்டிப் பூவை நம்மில் பலர் கவனிப்பதில்லை. வெள்ளையும் மஞ்சளும் கலந்த சின்னஞ்சிறு பூக்கள் கொத்தாகப் பூக்கும். மஃரிபுக்குப் பிறகு அதன் மணம் முற்றமெல்லாம் நிற்கும். உம்மா காய்ந்த கொத்துகளைச் சீலைத் துண்டில் முடிந்து அலுமாரியில் உடுப்புகளுக்கிடையே வைப்பார். பெருநாளைக்கு உடுப்பை எடுக்கும்போது அந்த மணமும் சேர்ந்து வரும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தது. உம்மா அன்று உள்ளூரில் என் தங்கை வீட்டில் இருந்தபடியால் அல்லாஹ்வின் உதவியால் தப்பினார். கடற்கரை வீடு அத்திவாரத்தோடு போயிற்று. கிணறு உப்பாகி மணலால் மூடிப் போனது. மரம் நின்ற இடம் எதுவென்று காட்டவும் அடையாளம் இருக்கவில்லை. 2006இல் உம்மா என்னிடம் வந்து இரண்டு மாதம் தங்கினார். வந்த அன்றே குசினி மூலையில் இருந்த சாடியருகே போய் நின்று, இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்தார். “இது நம்மட கிணத்தடி மரம்தானே” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

அன்றே ஒரு கொப்பை வெட்டி வேர் பிடிக்க வைத்து அவரிடம் கொடுத்து அனுப்பியிருக்கலாம். “உம்மாவுக்குச் சொந்த வளவு கிடைக்கட்டும், பிறகு பார்ப்போம்” என்று நினைத்தேன். பிறகு, பிறகு என்று வருடங்கள் போயின. 2011இல் உம்மா மௌத்தானார். அந்த மரத்தின் வாரிசாக உலகத்தில் மிஞ்சியிருந்தது என் குசினிச் சாடியில் நின்ற அந்த ஒரு செடி மட்டும்தான்.

இனி, இந்தச் செடிக்குக் குளிர் ஏன் ஆகாது என்பதைச் சொல்ல வேண்டும். மருதோண்டி வெயிலின் பிள்ளை. வரண்ட, சூடான நிலத்தில்தான் அது செழிக்கும். வெப்பம் 11 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் இலை மஞ்சளித்து உதிரத் தொடங்கும். 5 பாகைக்குக் கீழே போனால் செடி பிழைப்பதே அரிது. நுவரெலியாவோ கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில், பிதுருதலாகல மலையின் அடியில் ஒரு கிண்ணம் போல் அமைந்த ஊர். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் வானத்தில் முகிலும் இல்லை, காற்றும் இல்லை என்று ஓர் இரவு வந்தால், பகலில் நிலம் வாங்கிய சூடு எல்லாம் மேலே போய்விடும். பாரமான குளிர்காற்று பள்ளத்தில் வந்து தங்கும். விடியும்போது புல் எல்லாம் சீனி தூவியது போல் வெள்ளையாக இருக்கும். பார்க்க அழகுதான். ஆனால் தேயிலைக் கொழுந்தும் உருளைக்கிழங்குப் பாத்தியும் அன்று கருகிப் போகும். இலைக்குள் இருக்கும் நீர் உறைந்து, உள்ளே இருக்கும் நுண்ணிய அறைகளை உடைத்து விடுவதுதான் காரணம். எங்கள் ஊரில் “பனி சுட்டுப் போட்டுது” என்பார்கள். சரியான சொல். நெருப்புச் சுட்டது போலவே இருக்கும்.

அதனால் டிசம்பர் தொடங்கி மார்ச் வரை ஒவ்வொரு மாலையும் சாடியை உள்ளே எடுத்து விறகடுப்புக்குத் தள்ளி ஒரு மூலையில் வைப்பேன். காலையில் வெயில் ஏறியதும் வெளியே வைப்பேன். 23 வருடங்களாக இது என் வழக்கம். அடிமரம் என் மணிக்கட்டுப் பருமனுக்கு வந்திருந்தது.

2019 ஜனவரியில் என் மகளுக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தோம். நோன்புப் பெருநாளைக்குப் பின் நிகாஹ் என்று ஏற்பாடு. ஒரு மாலை மருதோண்டிப் பேச்சு வந்தது. உம்மம்மாவின் செடியிலிருந்து அரைத்துத்தான் போட வேண்டும் என்றேன் நான். கொழும்பிலிருந்து கோன் வாங்கலாம், ஒரு மணித்தியாலத்தில் கறுப்பாகப் பிடிக்குமாம் என்றாள் அவள். பேச்சு வளர்ந்தது.

“உம்மா, உங்கட செடி தேத்தண்ணிக் கலர்தானே தருது. கல்யாணப் படத்தில கையில ஒண்டும் இல்லாத மாதிரி விளங்கும்” என்றாள்.

அவள் சொன்னதில் பொய் இல்லை. வெயிலில் வளர்ந்த இலையில்தான் சாயம் மிகுதி. குளிரில் வளர்ந்த என் செடியின் இலை எவ்வளவு அரைத்துப் பூசினாலும் மெல்லிய செம்மஞ்சள்தான் பிடிக்கும். உண்மையாக இருந்ததால்தான் அந்தச் சொல் எனக்குச் சுட்டது. நானும் சுடச்சுட ஏதோ சொன்னேன். இஷாவைத் தொழுதுவிட்டு முகத்தைத் தூக்கிக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன். சாடி வெளியே இருந்தது.

சுபஹுக்குப் பள்ளிக்குப் போய் வந்தவர், “இண்டைக்குப் புல்லெல்லாம் வெள்ள வெளேரெண்டு கிடக்கு” என்றார். எனக்கு நெஞ்சு திக்கென்றது. செருப்பும் போடாமல் ஓடினேன். இலைகளின் ஓரமெல்லாம் வெள்ளைப் பொடி. தொட்டால் கண்ணாடி போல் விறைத்திருந்தன. வெயில் ஏறியதும் ஒவ்வொன்றாக வெந்த கீரை போல் தொங்கின. மாலைக்குள் கறுத்துப் போயின. மகள் வாசற்படியில் நின்று பார்த்தாள். அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

சகோதரிகளே, அடுத்த சில நாட்களில் நான் செய்த பிழைகளை மறைக்காமல் சொல்கிறேன். உங்களுக்குப் பயன்படும்.

முதற் பிழை, பதற்றத்தில் சாடியைக் கொண்டு போய் எரியும் அடுப்புக்குப் பக்கத்திலேயே வைத்தது. விறைத்த செடிக்குத் திடீர்ச் சூடு இரண்டாவது அடி. மெல்ல மெல்லத்தான் அதைச் சூட்டுக்குக் கொண்டு வர வேண்டும். இரண்டாவது பிழை, இரக்கம் மிகுந்து காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றியது. இலை இல்லாத செடி தண்ணீரைக் குடிக்காது. ஊற்றியதெல்லாம் அடியில் தேங்கிக் குளிர்ந்து கிடந்தது. இரண்டு கிழமையில் சாடியிலிருந்து அழுகல் மணம் வந்தது. மூன்றாவது பிழையாகப் பசளை போடப் போனேன். கறுத்த கொப்புகளை எல்லாம் வெட்டி எறியக் கத்தியும் எடுத்து வைத்திருந்தேன். நல்ல வேளையாக அன்று அடுத்த வீட்டு அக்கா வந்தார்.

அவர் தோட்டத்தில் பிறந்தவர். பல வருடம் பூங்கன்று நாற்று மேடையில் வேலை செய்தவர். பார்த்த உடனே என் கையிலிருந்த கத்தியை வாங்கி வைத்தார்.

“இப்ப வெட்டிப்புடாதீங்க தங்கச்சி. எது செத்துச்சு, எது இருக்குன்னு இப்பத் தெரியாது. வெட்டுனா வெட்டுன இடத்துல திரும்பப் பனி இறங்கும். வெயில் காலம் வரட்டும், அதுவே சொல்லும்” என்றார். பசளையையும் தடுத்தார். நோயாளிக்குப் புரியாணி கொடுப்பீங்களா என்று கேட்டார்.

பிறகு இருவருமாகச் சாடியைச் சரித்துச் செடியை மண்ணோடு வெளியே எடுத்தோம். வேரில் பாதி கறுத்து, விரலால் இழுத்தால் தோல் உரிந்து வந்தது. மீதி வெள்ளையாக, இறுக்கமாக இருந்தது. அழுகியதைச் சுத்தமான கத்தரிக்கோலால் வெட்டினோம். பழைய பெரிய சாடியில் திரும்ப வைக்கவில்லை. குறைந்த வேருக்கு நிறைய மண் இருந்தால் அந்த மண் காயாது, மீண்டும் அழுகும். அதனால் சிறிய மண் சாடி ஒன்று எடுத்தோம். அடியில் ஓட்டுத் துண்டு போட்டு, ஆற்று மணல் இரண்டு பங்கு, பழைய கூட்டெரு ஒரு பங்கு, தும்புத் தூள் ஒரு பங்கு கலந்து நட்டோம். சாடியைச் சீமெந்துத் தரையில் வைக்காமல் இரண்டு செங்கல்லின் மேல் வைத்தோம். கீழிருந்து ஏறும் குளிரும் கெடுதிதான். கிழக்குப் பக்க யன்னல் அருகே, வெளிச்சம் உண்டு, வெயில் நேராகச் சுடாது என்ற இடம் பார்த்தோம். நான்கு ஈர்க்கிலை ஊன்றி, மேலே வெளிச்சம் புகும் பொலித்தீன் பை ஒன்றைக் கவிழ்த்தோம். பகலில் ஒரு மணித்தியாலம் பையைத் தூக்கிக் காற்று விட வேண்டும். இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தண்ணீருக்கு ஒரே கணக்குத்தான்: விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பார்ப்பது. ஈரம் தெரிந்தால் ஊற்றக் கூடாது. காய்ந்திருந்தால் அரைக் கோப்பை, குளிர் ஆறிய தண்ணீர்.

செடி உயிரோடு இருக்கிறதா என்பதை அறியும் வழியையும் அக்காதான் காட்டினார். கொப்பின் தோலை நகத்தால் இலேசாகச் சுரண்ட வேண்டும். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் உண்டு. பழுப்பாக, காய்ந்திருந்தால் இல்லை. நுனியிலிருந்து கீழே வரவேண்டும். எனக்குக் கை நடுங்கியது. அப்போது மகள் வந்து பக்கத்தில் குந்தினாள். அவள்தான் சுரண்டினாள். மேற்கொப்பு பழுப்பு. அடுத்ததும் பழுப்பு. நடுத்தண்டு பழுப்பு. மண்ணிலிருந்து நான்கு விரல் உயரத்தில், தடித்த அடிமரத்தில் ஒரு நூலளவு பச்சை.

“உம்மா, இருக்கு” என்றாள். மூன்று கிழமையாக எங்களுக்குள் இருந்த மௌனம் அந்த இரண்டு சொல்லில் கலைந்தது.

பிறகு காத்திருப்புத்தான். பெப்ரவரி போயிற்று. மார்ச் போயிற்று. காய்ந்த தடி ஒன்றைப் பொலித்தீனுக்குள் வைத்துப் பூசிக்கிறாயா என்று மாமி பகிடி பண்ணினார். நான் விரலை மண்ணில் விட்டுப் பார்ப்பதைத் தவிர வேறெதுவும் செய்யவில்லை. எதுவும் செய்யாமல் இருப்பதும் ஒரு பராமரிப்பு என்பது அந்த மாதங்களில்தான் எனக்கு விளங்கியது.

ஏப்ரல் வந்தது. அந்த ஏப்ரல் 21ஆம் திகதியை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. உயிர்த்த ஞாயிறன்று தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் அத்தனை உயிர்கள் பறிக்கப்பட்டன. அதன் பிறகு அந்தத் துயரமும், நம்மீது விழுந்த பார்வைகளும் சேர்ந்து ஒவ்வொரு வீட்டையும் அழுத்தின. கடை பல நாட்கள் பூட்டிக் கிடந்தது. சம்பந்தி வீட்டாரும் நாங்களும் பேசி, கல்யாணத்தை டிசம்பருக்குத் தள்ளினோம். அடுத்த வீட்டு அக்காவின் உறவுக்காரர் ஒருவரும் அந்த ஞாயிறு காலை தேவாலயத்தில் இறந்திருந்தார். அவர் என் வீட்டுக்கு வருவாரா என்று நான் பயந்திருந்தேன். ஆறாம் நாள் அவர் வந்தார். நான் அழுதேன், அவரும் அழுதார். போகும்போது யன்னலருகே நின்று பையைத் தூக்கினார். பழக்கத்தில் செய்த காரியம். “தங்கச்சி, இங்க வாங்க” என்று கூப்பிட்டார்.

அடிமரத்தில், மகள் சுரண்டிய இடத்துக்குச் சற்றுக் கீழே, கடுகளவில் ஒரு முளை.

அல்ஹம்துலில்லாஹ்! அந்தக் கிழமையில் எங்கள் வீட்டில் வந்த முதல் நல்ல செய்தி அதுதான்.

மே மாதம் மூன்று முளைகள் தெளிவாகத் தெரிந்த பிறகுதான் கத்தியை எடுத்தோம். பச்சை முடிகிற இடத்துக்குச் சற்று மேலே, சரிவாக ஒரே வெட்டு. மருதோண்டி இலை சோடி சோடியாக வரும். நான்கு சோடி வந்த பிறகு மாட்டெரு கரைத்த தண்ணீரை வெறும் தேத்தண்ணி நிறத்துக்கு ஐதாக்கி மாதம் ஒரு தடவை ஊற்றினோம். ஒரு சாண் வளர்ந்ததும் நுனியைக் கிள்ளினோம். கிள்ளினால்தான் கிளைக்கும்.

டிசம்பரில் கல்யாணம். செடியில் இருந்த இலை முழுவதையும் பறித்திருந்தால் அது மீண்டும் செத்திருக்கும். மூன்றில் ஒரு பங்கைத்தான் பறித்தேன். ஒரு கைப்பிடி கூட நிறையவில்லை. தேசிக்காய்ப் புளி விட்டு அம்மியில் அரைத்தேன். கை முழுக்கப் போட அது காணாது. அந்தக் காலத்தில் உம்மாமார் போட்டது போல, உள்ளங்கை நடுவில் ஒரு வட்டம், விரல் நுனிகளுக்குத் தொப்பி, அவ்வளவுதான். மகளே கையை நீட்டினாள். மிச்ச இடத்தில் அவளுடைய சிநேகிதி கோனால் கொடி வரைந்தாள். அதுவும் நல்ல மருதோண்டித் தூளில் குழைத்த கோன்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மருதோண்டி ஒருபோதும் கறுப்பாகப் பிடிக்காது. முதலில் செம்மஞ்சள், இரண்டு நாளில் செங்கபிலம், அதுதான் அதன் நிறம். ஒரு மணித்தியாலத்தில் கறுக்கும் கோன்களில் தலைமயிர்ச் சாயத்தில் சேர்க்கும் பரா-பீனைலீன்டையமின் என்ற இரசாயனம் கலந்திருக்கக் கூடும். அது தோலைக் கொப்புளமாக்கும். ஒரு தடவை ஒவ்வாமை வந்தால் வாழ்நாள் முழுக்கத் தொடரலாம். பெருநாள் அவசரத்தில் பிள்ளைகளின் கையில் அதைப் போட்டுவிடாதீர்கள்.

மறுநாள் காலை மகள் கையைக் கழுவி என்னிடம் காட்டினாள். கொடி நல்ல சிவப்பு. நடு வட்டம் மட்டும் மங்கலாக, தேத்தண்ணி நிறத்தில். இருவரும் சிரித்தோம். பிறகு அவள் அந்த உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். அவளுடைய உம்மம்மா செய்த அதே மாதிரி.

அவள் வாழ்க்கைப்பட்டது புத்தளத்துக்கு. 2020இல் ஊரடங்கு நீங்கி பஸ் ஓடத் தொடங்கியதும் வந்தாள். இம்முறை “பிறகு பார்ப்போம்” என்று நான் சொல்லவில்லை. பென்சில் பருமனில் முற்றிய கொப்புகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, கீழ்ப் பாதி இலையைக் கழித்து, ஈர மணலில் ஊன்றினோம். ஆறு ஊன்றியதில் மூன்று வேர் பிடித்தன. ஒன்று புத்தளம் போயிற்று. ஒன்று மருதமுனையில் தங்கையின் வளவில் நிற்கிறது. ஒன்றை அடுத்த வீட்டு அக்கா, கீழே வெப்பமான ஊரில் இருக்கும் தன் மகளுக்குக் கொடுத்தார்.

புத்தளத்து மரம் இப்போது கூரை மட்டத்துக்கு வளர்ந்து விட்டது. மகள் ஒவ்வொரு பெருநாள் காலையும் உள்ளங்கையைப் படம் பிடித்து அனுப்புவாள். கருஞ்சிவப்பாக இருக்கும். பூத்ததாம், முற்றமெல்லாம் மணக்குதாம், எப்படி உம்மா அந்த வாசத்தை அனுப்புறது என்று கேட்டாள். காய்ந்த கொத்தைச் சீலைத் துண்டில் முடிந்து தபாலில் போடு என்றேன்.

தாய்ச் செடி என்னோடுதான் இருக்கிறது. இதை எழுதி முடித்ததும் உள்ளே எடுத்து வைக்க வேண்டும். வானம் முகிலில்லாமல் இருக்கிறது, காற்றும் இல்லை.

சகோதரிகளே, உங்கள் வீட்டிலும் உம்மாவோ மாமியோ தந்த ஒரு செடி இருக்கும். பனி சுட்டாலும் வெயில் சுட்டாலும் அவசரப்பட்டு வெட்டி எறியாதீர்கள். நகத்தால் சுரண்டிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் பொறுத்திருங்கள். செடி நன்றாக இருக்கும்போதே ஒரு கொப்பை வெட்டி வேர் பிடிக்க வைத்து யாருக்காவது கொடுத்து விடுங்கள். அதைப் பிறகு பார்ப்போம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள்.